பதினான்காம் வரி, நான்காம் கட்டம்

மூன்று நாட்டுக்காரர்கள் எழுதிய மூன்று புத்தகங்கள் நீள மேசையின் மேல் கிடந்தன. மருத்துவமனைக் கருவிகளை எப்படி வாங்குவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிப்பது, கெட்டுப்போனால் என்ன செய்வது, கடைசியில் எப்படிக் கழித்துப் போடுவது என்று அந்தந்த நாட்டு அரசு தன் மருத்துவமனைகளுக்குச் சொன்ன நெறிமுறைகள். அவற்றை ஒப்பிட்டு நமக்கென்று ஒன்றை எழுதுங்கள் என்று சுகாதாரத் துறை ஐந்து பேரை அந்த அறையில் உட்கார வைத்திருந்தது. நான்கு பேர் பொறியாளர்களும் அதிகாரிகளும். ஐந்தாவது ஆள் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர். வார்டில் இருபத்தொரு வருட அனுபவம் என்பது அவளைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதே வார்டுக்குள் அடித்துக் கொல்லப்பட்ட டெக்னீஷியனின் மனைவி அவள்.

மூன்று புத்தகங்களையும் அவள் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். குழுவில் அவற்றுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்: குளிர்நாடு, தீவுநாடு, பெரியநாடு. குளிர்நாடு கணக்கு வாத்தியார் மாதிரி, ஒரு திருகாணியைக்கூட விடாது. தீவுநாடு ஒரு பக்கத்தில் முடிப்பதைப் பெரியநாடு நாற்பது பக்கம் இழுக்கும். மூன்றுக்கும் பொதுவான ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஒரு மெஷினை எடுத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும் என்று மூன்று நாட்டுக்காரர்களுமே நம்பி எழுதியிருந்தார்கள்.

அட்டவணையில் வரிக்கு நான்கு கட்டங்கள். மூன்று நாடுகளுக்கு மூன்று; நான்காவது, 'நம் நடைமுறை'. அன்று காலை பதினான்காம் வரிக்கு வந்தார்கள். 'பழுதான கருவியை வார்டிலிருந்து அகற்றும் பொறுப்பு.' குளிர்நாடு: டெக்னீஷியன், உடனே. தீவுநாடு: வார்டுப் பொறுப்பாளர், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள். பெரியநாடு: முதலில் பார்த்தவர் எவரோ அவர். நான்காவது கட்டத்தில் குழுத் தலைவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்: 'டெக்னீஷியன். அவர் அகற்றத் தவறியதால் நேர்ந்த அசம்பாவிதத்துக்கு இணைப்பு மூன்றைப் பார்க்கவும்.'

இணைப்பு மூன்று என்பது விசாரணை அறிக்கை. தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர், நல்ல மனிதர். அவளைப் பார்த்துச் சங்கடமாகத் தொண்டையைச் செருமினார். பெயர் போடவில்லை, போடவும் மாட்டோம் என்றார். அவள் தலையாட்டினாள். அவள் கண் 'அசம்பாவிதம்' என்ற சொல்லிலேயே நின்றது. ஒரு மனிதனின் மண்டை பிளந்த சத்தத்தை அந்தச் சொல்லுக்குள் எப்படி மடித்து வைத்தார்கள் என்று யோசித்தாள்.

*

அவளுடைய கணவரை வார்டில் 'அட்டை' என்பார்கள். கெட்டுப்போன மெஷின் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டுவது அவர் வேலை. பழுது, பயன்படுத்தாதீர், தேதி, கீழே பெயரும் கையெழுத்தும். மற்ற டெக்னீஷியன்கள் கையெழுத்து என்று ஒரு கோழிக்கிறுக்கல் போடுவார்கள். இவர் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப்பெயரையும் எழுதுவார். கடித்தால் விடாத அட்டையும் இவரும் ஒன்று என்று நர்ஸுகள் சிரிப்பார்கள். அதைவிடப் பெரிய சிரிப்பு, வார்டுக்குள் அவர் தன் மனைவியை எல்லாரையும் போல 'சிஸ்டர்' என்று கூப்பிட வேண்டியிருந்தது. கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஆள் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான் என்பார்கள். அவரும் விடாமல், அதனால்தான் வீட்டில் அண்ணன் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்பார்.

அந்த மருத்துவமனையின் எல்லா வார்டுகளிலும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: கெட்ட மெஷினைக் கீழே அனுப்பாதே. கீழ்த்தளத்துப் பட்டறைக்குப் போன மெஷின் கசாப்புக் கடைக்குப் போன ஆடு. ஒன்றின் திரையைப் பிடுங்கி இன்னொன்றுக்கு மாட்டுவார்கள், வால்வை வேறொன்றுக்கு. அப்புறம் எலும்புக்கூடு மட்டும் மூலையில் நிற்கும். உங்கள் வார்டில் எட்டுதானே இருக்கிறது, எட்டோடு ஓட்டுங்கள் என்று மேலிருந்து பதில் வரும். அதனால் எல்லா சிஸ்டர்களும் கெட்டதைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சுவரோரமாக நிறுத்தி இடம் பிடித்து வைப்பார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. அவள் ஏற்கெனவே மூன்று வென்டிலேட்டர்களைக் கீழே அனுப்பி ஏமாந்தவள்.

ஐந்தாம் படுக்கையோரம் இருந்த வென்டிலேட்டரில், சென்சார் கெட்டு, குழாய் கழன்றாலும் அலாரம் அடிக்கவில்லை. அவர் சோதித்தார், அட்டை கட்டினார், கீழே அனுப்பச் சொன்னார். அவள் முடியாது என்றாள். நான்கு நாள் கழித்து வீட்டில் பாத்திரம் கழுவும்போது மறுபடி சொன்னார். சென்சார் வந்ததும் வார்டுக்கே வந்து மாட்டிக்கொடுங்கள் என்றாள். ஒன்பதாம் நாள் காலை இருவரும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அந்த மெஷினை இன்னைக்காவது கீழ விடும்மா," என்றார் முன்னாலிருந்து.

"சென்சார் எப்ப வரும்?"

"வரும்."

"வந்ததும் விடுறேன்."

"வீட்டுல தோத்தவன் வார்டுல எங்க ஜெயிக்கிறது," என்று சிரித்துவிட்டு வண்டியை வளைத்தார். அவர் வாய் அந்த மெஷினைப் பற்றி அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

*

ஐந்தாம் படுக்கையில் இருந்தவன் இருபத்தாறு வயதுக்காரன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடி. அவனுக்குப் போட்டிருந்தது நல்ல வென்டிலேட்டர், இடது பக்கம். சிவப்பு அட்டை கட்டிய மெஷின் சும்மா வலது பக்கம் சுவரோரம். அவனுடைய அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அன்று காலை கதவோரம் நின்று, மெஷின் நல்லா ஓடுதாம்மா என்று கேட்டார். நல்லா ஓடுது என்றாள். அது சத்தியம்.

பிற்பகல் இரண்டே காலுக்குத் தம்பியின் இதயம் நின்றது. டாக்டர் அரைமணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அப்போது இரண்டாம் படுக்கையில் ஒரு அம்மாவுக்குக் காலையிலிருந்து வென்டிலேட்டர் இல்லை. பயிற்சி நர்ஸ் ஒருத்தி ஆம்பு பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மரத்துப்போய் அழுதுகொண்டே அழுத்தினாள். செத்தவனின் மெஷினைக் கழற்றித் துடைத்துப் புதுக் குழாய் போட்டு இரண்டாம் படுக்கைக்கு மாட்டச் சொன்னாள் பொறுப்பு சிஸ்டர். எந்த நாட்டு நெறிமுறையிலும் அது தப்பில்லை. பிறகு உறவுக்காரர்களை உள்ளே விட்டாள்.

ஆக அண்ணன்காரர் உள்ளே வந்தபோது தம்பியின் பக்கத்தில் நின்றது ஒரே ஒரு மெஷின்.

அவர் முதலில் எதையும் பார்க்கவில்லை. தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட ஏழெட்டுப் பேர். பெண்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார்கள். பிறகு அவர் தலை மெல்லத் திரும்பியது. அட்டையைக் கையில் பிடித்து எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பழுது. பயன்படுத்தாதீர். ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி.

"காலையில கேட்டேனேம்மா," என்றார். குரல் உயரவே இல்லை. "நல்லா ஓடுதுன்னு சொன்னியே."

இது அவனுக்குப் போட்ட மெஷின் இல்லை, அவனுக்குப் போட்டது அதோ அங்கே இருக்கிறது என்று அவள் இரண்டாம் படுக்கையைக் கைகாட்டினாள். உண்மையைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் தான் செய்தது என்ன என்று புரிந்தது. உடம்பு சூடு ஆறுவதற்குள் என் தம்பி மூச்சைப் பிடுங்கி இன்னொருத்திக்கு மாட்டிவிட்டீர்களா என்று ஒரு பெண்ணின் குரல் கிளம்பியது. வெளியே நடையில் நின்றவர்களுக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது.

கதவு கீலோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. காவலாளியை இருவர் தூக்கிப் படிக்கட்டில் எறிந்தார்கள். மருந்து டிராலி கவிழ்ந்தது. பயிற்சி நர்ஸின் முகத்தில் ஒருவன் எஃகுத் தட்டை வீசினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள், விரலிடுக்கில் பல் வந்தது. டாக்டர் கழிவறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டார். கண்ணாடித் தடுப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் கொட்டியது. படுக்கையிலிருந்த நோயாளிகளால் ஓட முடியாது, கத்தவும் முடியாது. வாயில் குழாயோடு கண்ணை மட்டும் உருட்டினார்கள். அண்ணன்காரர் ஒரு இரும்பு முக்காலியைத் தூக்கி இரண்டாம் படுக்கை வென்டிலேட்டரின் திரையில் இறக்கினார். மூன்றாவது அடியில் மெஷின் வாய் மூடியது. கூட வந்தவன் குழாயைப் பிடித்து இழுத்தான். கட்டிலில் இருந்த அம்மாவின் நெஞ்சு ஏறுவது நின்றது.

அவள் ஆம்பு பையை எடுத்து அந்த அம்மாவின் தொண்டைக்குழாயில் மாட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அழுத்து. நெஞ்சு ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அழுத்து. யாரோ அவள் முதுகில் உதைத்தார்கள். விழாமல் கட்டில் கம்பியில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றாள்.

வார்டில் மெஷின்களை உடைக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவள் கணவர் கீழ்த்தளத்திலிருந்து ஓடி வந்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் குத்தியபடி. உள்ளே வந்ததும் ஒரு சுற்றுப் பார்த்தார். உடைந்த மெஷினை, கையில் பையோடு நிற்கும் அவளை, கட்டிலில் ஏறி இறங்கும் நெஞ்சை. நேராக வந்து இரண்டாம் படுக்கைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டார், பிள்ளைகள் கபடியில் மறிப்பது போல.

அண்ணன்காரர் பிய்த்தெடுத்த சிவப்பு அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"கெட்டுப்போச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏண்டா இங்கயே விட்டு வெச்சே?"

அவர் ஒரே ஒரு முறை அவள் பக்கம் திரும்பினார். அவள் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான்தான் விடவில்லை என்று இரண்டு சொல், அவ்வளவுதான். மூன்று, நான்கு, அழுத்து.

"தப்புதான்," என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. "நான் எடுத்திருக்கணும்." பிறகு திரும்பாமலே, வேற்று மனுஷியிடம் பேசுகிற குரலில், "சிஸ்டர், நீங்க எண்ணிக்கையை விடாதீங்க," என்றார்.

முதல் அடி முக்காலியால், தோளில். எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவது போலிருந்தது. கையை இறக்காமல் நின்றார். இரண்டாவது, டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ஐந்து கால் இரும்பு அடிப்பாகத்தால், காதின்மேல். அவர் ஒரு முழங்காலில் உட்கார்ந்தார். பத்து பன்னிரண்டு கால்கள் அவரைச் சூழ்ந்தன. அதன்பிறகு அவளுக்கு அவர் தெரியவில்லை, ஸ்டாண்டு மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. முதலில் இரும்பு எலும்பில் படும் சத்தம் கேட்டது. பிறகு அது ஈரத் துணியை அடித்துத் துவைக்கும் சத்தமாக மாறியது. அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் இந்த அம்மா சாவாள். எடுக்காவிட்டால் அவர் சாவார். கை எடுத்தாலும் அவர் சாவார் என்று அப்போதே அவளுக்குத் தெரியும். ரத்தம் தரை ஓட்டின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக வந்து அவளுடைய வெள்ளைச் செருப்பைத் தொட்டது. அவள் காலை நகர்த்தவில்லை.

நாற்பத்து மூன்று அழுத்தல்கள். நாற்பத்து நான்காவதில் சத்தம் நின்றது. போலீஸ் வரவில்லை, அண்ணன்காரரின் கையிலிருந்து ஸ்டாண்டு வழுக்கி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு போய்த் தம்பியின் கட்டிலடியில் உட்கார்ந்து, தலையைக் கம்பியில் இடித்துக்கொண்டு அழுதார். கூட்டம் வந்த வேகத்தில் கரைந்தது.

டாக்டர் வெளியே வந்து அவள் கையிலிருந்து பையை வாங்கும்வரை அழுத்தினாள். பிறகு மண்டியிட்டு, கழுத்து இருந்த இடத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வளையாமல் அப்படியே இருந்தது.

இரண்டாம் படுக்கை அம்மா பிழைத்துக்கொண்டார். இன்றும் இருக்கிறார்.

*

நீதிமன்றத்தில் யார் அடித்தது என்று கேட்டார்கள், சொன்னாள். அண்ணன்காரருக்கு ஆயுள். மெஷினை அங்கே நிறுத்தி வைத்தது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. விசாரணைக் குழு அவள் கணவரின் பதிவேட்டைப் பார்த்தது. 'சிவப்பு அட்டை கட்டப்பட்டது. கருவி வார்டிலேயே உள்ளது' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. மற்ற வார்டுகளைப் பற்றி எழுதும்போது 'சிஸ்டர் தர மறுத்தார்' என்று எழுதியிருப்பார். இந்த ஒரு வார்டுக்கு மட்டும் அந்த மூன்று சொல்லை எழுதவில்லை. அதனால் டெக்னீஷியனின் அலட்சியம் என்று முடித்துவிட்டார்கள்.

அவருடைய அம்மா அவளோடுதான் இருந்தார். அறிக்கை செய்தியில் வந்த அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், செருப்பைக்கூடக் கழற்றின இடத்தில் விட்டுவிட்டுப் போவான், எத்தனை தரம் திட்டியிருப்பேன் என்று முணுமுணுத்தார். பிறகு வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றும் கை வேலையாக இருந்தது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் சும்மாதான் இருந்தது. அன்று வார்டிலும் அப்படித்தான். கைக்குத்தான் வேலை. வாய்க்கு என்ன வேலை இருந்தது? வாயை மூடிக்கொள் என்று அவர்தான் ஜாடை காட்டினார் என்று ஒன்றரை வருடமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது தொண்டைக்குக் கீழே இறங்கவே இல்லை.

*

"அடுத்த வரிக்குப் போகலாமா?" என்றார் தலைவர்.

அவள் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த நான்காவது கட்டம் தப்பு என்றாள். மூன்று நாட்டுப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதை எழுதாமல் பொறுப்பை யார் தலையில் வைத்தாலும் மெஷின் வார்டில்தான் நிற்கும் என்றாள். கசாப்புக் கடை, பஸ்ஸில் போட்ட துண்டு, எல்லாம் சொன்னாள். பொறியாளர் ஒருவர் சிரித்தார். இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்தானே, ஆனால் அரசுப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்றார். அகற்றாததற்கு டெக்னீஷியன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆவணம் இருக்கிறது என்றார் சட்ட அதிகாரி.

"அவர் மூணு தடவை கேட்டார்," என்றாள். "நான் விடல. அந்த வார்டுக்கு இன்சார்ஜ் நான்தான்."

தலைவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். இது இந்த அறையோடு இருக்கட்டும் என்றார் சட்ட அதிகாரி. பதிவானால் விசாரணை திறக்கும், வேலை போகலாம், சிறையில் இருப்பவனுடைய வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வான் என்று விரல் விட்டு எண்ணினார்.

"உங்களுக்குத்தாம்மா கஷ்டம்," என்றார் தலைவர்.

அவள் பேனாவை எடுத்து நான்காவது கட்டத்தில் இருந்ததை அடித்தாள். 'மாற்று மெஷின் வராது என்பதால் வார்டு சிஸ்டர்கள் பழுதான கருவியைக் கீழே அனுப்புவதில்லை. டெக்னீஷியன் மூன்று முறை கேட்டும் நான் தரவில்லை' என்று எழுதினாள். கட்டம் சின்னது; கடைசி வரி ஓரத்தில் சுற்றிக்கொண்டு ஏறியது. கீழே முழுப்பெயரையும் எழுதித் தேதி போட்டாள்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் மாமியாரிடம் சொன்னாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கூட்டர், பாத்திரம் கழுவிய சாயங்காலம், அவர் திரும்பிப் பார்த்த பார்வை. மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார். முதல் அறை கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது காதில். பிறகு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, தலையில், தோளில், எங்கே பட்டது என்று பார்க்காமல் அடித்தார். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வளையல் உடைந்து மாமியாரின் மணிக்கட்டிலேயே குத்தியது. இரைத்து இரைத்து, கடைசியில் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"மூணு தடவையா?" என்றார்.

"மூணு தடவை அத்தை."

"இன்னொரு தரம் சொல்லு."

"மூணு தடவை கேட்டார். நான்தான் விடல."

மாமியார் அவளை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து நடந்து வாசலுக்குப் போனார். செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

"கேட்டிருக்கான்," என்றார். "என் புள்ள கேட்டிருக்கான்."